கை மட்டும்

பாலிங் அடையாள அட்டை ஆபீசில்
மிஷினுக்கு என் கட்டைவிரல் தெரியவில்லை.
துடைத்து வையுங்கள் மக்சிக் என்றாள் அந்த மலாய்ப் பெண்.
துடைத்தேன், ஊதினேன், எச்சில் தொட்டும் வைத்தேன்.
முப்பத்தோரு வருஷம் பால் வெட்டிய கை,
ஆசிட் தின்ற ரேகை.
மிஷின்தான் என்ன செய்யும், பாவம்.
அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

கோலக்கெட்டில் பஸ்ஸில் திரும்பும்போது
மருமகள் தமயந்தி போனைப் பார்த்தபடி சொன்னாள்:
"அத்தை, ஒங்க வெள்ளைக்காரி செத்துப்போச்சாம்."

ஒதில் கெர்வெனோ.
அந்தப் பெயர் வாயில் நிற்கவே நாலு நாள் ஆனது அப்போது.
ஓடில் என்றார் கிராணி.
ஓட்டல் என்றான் லோரி ஓட்டும் வீராச்சாமி.

எழுபத்திரண்டில் வந்தார்கள், மேல் டிவிஷனில் படம் பிடிக்க.
பதினெட்டு நாள். அதில் பதினொரு நாள் மழை.
அவள் துரையின் பெண்டாட்டி;
புருஷன் மேல் உள்ள கோபத்தில் ஒரு விடியற்காலை
தானே இறங்கி மரம் வெட்டுவாள் என்று கதை.
உளி அவளுக்கு வசப்படவில்லை.
பட்டையைத் தாண்டி மரத்தையே குத்தினாள்.
மண்டோருக்கு நெஞ்சு வலி வராத குறை:
"வெட்டு மரம்மா இது, கசாப்புக் கடையா?"

டைரக்டர் நிரையில் நடந்து வந்து
என் கையைப் பார்த்தார்.
ஆளைப் பார்க்கவில்லை.
முழங்கை வரை வெள்ளை மா பூசினார்கள்.
வேர்வையில் கரைந்தது, பூசினார்கள்,
கரைந்தது, பூசினார்கள்.
கோடு இழுத்தேன். பால் இறங்கி மங்கில் சொட்டியது.
எல்லோரும் கை தட்டினார்கள், பாலுக்கு.
இருபது வெள்ளி.

பசியாறும் நேரம்
தகர டிரம்மின் மேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
அவள் கையுறையைக் கழற்றினாள்.
இடது சுட்டுவிரல் நடுக்கணுவில் கோணல்.
உள்ளங்கை முழுக்கப் பழைய கீறல்கள், வெள்ளை நூல் மாதிரி.
நடித்துக் காட்டினாள், எனக்கு மட்டும்:
மீன். கத்தி. தலை போச்சு. டின்னுக்குள்.
மீன். கத்தி. தலை போச்சு.
எத்தனை வயசில் என்று விரலால் கேட்டேன்.
பத்து விரித்தாள், பிறகு இரண்டு.
நான் பத்து விரித்து, பிறகு ஒன்று.
சிரித்தாள் பாருங்கள்,
அந்தச் சிரிப்பு அவள் எந்தப் படத்திலும் இல்லை.
நான் பார்த்தது இரண்டு படம்தான்,
அதனால் சத்தியம் செய்யமாட்டேன்.

குப்பாங் வரும் வரைக்கும் தமயந்தி படித்தாள்.
நாற்பத்தாறு படமாம்.
பத்தொன்பதில் தந்தி கொண்டு வரும் பெண், ஒரே வசனம்.
முப்பதில் மூன்று ஆண்கள் அவளுக்காகச் செத்தார்கள்.
நாற்பத்தைந்தில் யாரும் கூப்பிடவில்லை.
ஐம்பதில் அம்மா. அறுபதில் அம்மாவுக்கு அம்மா.
நடுவில் கார்ட்டூன் ஆமைக்குக் குரல்.
கல்யாணம் இரண்டு, விவாகரத்து இரண்டு, கணக்குச் சரி.
கையைக் காட்டாமலே நடித்தாளாம்:
கோட்டுப் பை, பூங்கொத்து, நாய்க்குட்டி,
இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால்.
அது அவளுடைய மர்மம் என்றும்
மௌனத்தின் இலக்கணம் என்றும்
படித்தவர்கள் புத்தகமே போட்டிருக்கிறார்களாம்.

சாடின் மீன், ஐயா.
வெறும் சாடின் மீன்.

என் கை நடித்த படம் எங்கள் ஊருக்கு வரவேயில்லை.
பிறகு யாரோ தட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன்:
அவள் முகம், என் கை, அவள் முகம்.
தையல் தெரியவில்லை.
கடைசியில் ஓடிய பெயர்களில்
மழைக்குக் குடை பிடித்தவன் பெயர்கூட இருந்தது.

அன்று ராத்திரி அவள் கடைசிப் படத்தைத் தேடிப் போட்டாள் தமயந்தி.
எழுபத்தெட்டு வயசுக் கிழவி, ஓர் அடுப்படி, தண்ணீர்க் குழாய்.
முகம் காட்டுமுன்பே தெரிந்துகொண்டேன்,
அந்தக் கோணல் விரலை.
மாவு இல்லை, உறை இல்லை.
நாலு நிமிஷம் மீன் கழுவுகிறாள், அவ்வளவுதான் காட்சி.
இதுக்கா பரிசு குடுத்தாங்க என்றான் மகன்.
நான் பேசவில்லை.
செதிலை எதிர்த்துச் சீவினாள், சரியாக.

அடுத்த வாரம் மறுபடி பாலிங்.
வலது போச்சு, இடது போச்சு, நடுவிரலும் போச்சு.
"என் கை வேணும்னா படத்துல இருக்கு,
வெள்ளையா இருக்கும், பரவாயில்லையா?" என்றேன்.
அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது; தலையாட்டினாள்.

இடது சுண்டுவிரலை எடுத்துக்கொண்டது மிஷின்.
உளியைத் தொடாதது
அது ஒன்றுதான்.